கண்ணாடி போட்ட கோழி

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான். பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதன் பிறகு நீண்ட காலம் வீணாகப் பொழுதைப் போக்கிவிட்டு, நம்முடைய காலத்தில்தான், குழந்தை விளையாடுவதற்கு ஒரு முறையான பாடத்திட்டத்தைக் கண்டுபிடித்தான். முதலிரண்டும் எங்கே நடந்தன என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. மூன்றாவது, அம்பிட்டியவில் ஒரு வேன் நிறுத்தும் கொட்டிலில் நடந்தது. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. அந்த மகத்தான நிகழ்வில் கெலிஓயாவைச் சேர்ந்த ருஷ்தி என்ற தகப்பனுக்கு இருந்த பங்கை வரலாறு மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இது எழுதப்படுகிறது.

ருஷ்தி கண்டி நகரில் ஒரு லீசிங் கொம்பனியில் உதவி முகாமையாளர். தடித்த கண்ணாடி போட்டவர். வெயில் கொளுத்தும் நாளிலும் குடை கொண்டு போகிறவர். வாகனத்துக்குக் கடன் கேட்டு வருகிறவரின் முகத்தைப் பார்க்காமல், கோப்பிலுள்ள தாள்களை மட்டும் பார்த்தே ஆளை எடைபோடக் கூடியவர் என்று கொம்பனியில் நல்ல பெயர் எடுத்திருந்தார். அந்தத் திறமையை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

அவருடைய வாழ்க்கையில் ஒரே ஓர் இலட்சியம்தான் இருந்தது. நான்கரை வயது மகள் ரிப்காவை ‘அந்த’ப் பாடசாலையில் சேர்ப்பது. கண்டியில் பாடசாலைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ‘அந்த’ப் பாடசாலை என்று சொன்னால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கூடக் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்து மரியாதை கொடுப்பார். அதன் பெயரை இங்கே எழுதினால், அடுத்த வருடம் விண்ணப்பிக்கும் பெற்றோர் இந்தக் கதையையும் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிவிடுவார்கள். ஆகவே விட்டுவிடுவோம்.

அங்கே இடம் கிடைக்காவிட்டால் மகளின் கதி என்ன என்ற பயம் ருஷ்தியை விடவே இல்லை. அவருடைய வாப்பா கெலிஓயாச் சந்தியில் சைக்கிள் திருத்தியவர். நல்ல பாடசாலை ஒன்றின் கேற்றுக்கு வெளியே நின்று, உள்ளே கிரிக்கெட் விளையாடும் பிள்ளைகளைப் பார்த்த சிறு வயது ஞாபகம் ருஷ்திக்கு இன்னும் போகவில்லை. அந்தப் பயம் உண்மையானது. அதைக் கேலி செய்ய நமக்கு மனம் வராது. மற்றதையெல்லாம் செய்வோம்.

ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்யும் றவூப் சோற்றுப் பார்சலை விரித்தபடியே குரலைத் தாழ்த்தினார். பாடசாலை வேனுக்கு லீசிங் போடும் விடயமாக அவர் காலையில் ‘அந்த’ இடத்துக்குப் போயிருந்தார். நேர்முகப் பரீட்சைக்கு வருகிறவர்கள் காத்திருக்கும் அறையில், தாழ்வான மேசை ஒன்றின்மேல், ஒரு தகரப் பெட்டியைத் தம் இரண்டு கண்ணாலும் கண்டார். பெட்டிக்குள் வட்டம், சதுரம், முக்கோணம் என்று நிறம் நிறமாகக் காந்தத் துண்டுகள். பெட்டியின் மூடியிலே ஒட்டி உருவம் செய்யும் விளையாட்டுச் சாமான்.

“மச்சான், யாருக்கும் சொல்லாதீங்க. இந்த முற இன்டர்வியூவுக்கு வாரது காந்தம்” என்றார் றவூப்.

யாருக்கும் சொல்லாத செய்தி என்பதால், அது அஸர் தொழுகைக்கு முன் பேராதனையைத் தாண்டி, மஃரிபுக்கு முன் கெலிஓயாவையும் கடந்துவிட்டது. அடுத்த நாள் நகரத்தில் ரிஸ்மி நானாவின் ஃபேன்ஸி கடையில் பெற்றோர் வரிசையில் நின்றார்கள். இரண்டு வருடமாகத் தண்ணீர்ப் போத்தல்களுக்குப் பின்னால் தூசி பிடித்துக் கிடந்த அந்தத் தகரப் பெட்டிகளை ரிஸ்மி நானா துடைத்து முன்னால் வைத்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்குகிறவர்களுக்கு அவரும் ஒரு கேள்வியும் கேட்காமல் விற்றார். கடைசிப் பெட்டிக்கு இரண்டு தகப்பன்மார் கை வைத்தார்கள். குடை வைத்திருந்தவர் வென்றார்.

ருஷ்தி பெட்டியைக் கொண்டுவந்து ரிப்காவின் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய கவனக்குறைவு அதுதான். குளித்துவிட்டு வந்து பார்த்தால், பெட்டியில் இருந்த மாதிரிப் படங்களை ரிப்கா தொட்டும் பார்க்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எதையோ ஒட்டிவைத்துவிட்டு, அதன் முன்னால் சம்மணம் போட்டிருந்தாள். பெரிய அரைவட்டம் ஒன்று. அதன் முன்னால் ஒரு முக்கோணம். மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன வட்டங்கள்.

“என்ன மகள் இது?”

“கோழி வாப்பா.”

“இந்த ரெண்டு வட்டமும்?”

“கண்ணாடி. முட்ட காணாம போயிட்டு, அதான் தேடுது. வாப்பாவும் கண்ணாடியப் போட்டுட்டுத்தானே எல்லாம் தேடுற.”

முட்டை என்றதும் ருஷ்தி பெட்டியைப் பார்த்தார். மஞ்சள் வட்டம் இல்லை. புத்தம் புதிய சாமான், முதல் நாளே ஒரு துண்டு குறைவு. சோபா செட்டியின் கீழே குனிந்து பார்த்தார். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தார். முழங்காலில் நின்று அலுமாரியின் அடியில் தும்புத்தடியை விட்டுக் கிண்டினார். கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அவர் தேடத் தேட, ரிப்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெகு நேரம் கழித்துத்தான் அவளுடைய மூடிய கை அவர் கண்ணில் பட்டது. விரித்தால், உள்ளே மஞ்சள் முட்டை.

அப்போது ருஷ்தி சிரித்துவிட்டார் என்று அவர் மனைவி றம்ஸியா இன்றுவரை சாதிக்கிறாள். நிலத்திலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாராம். ருஷ்தி இதை வன்மையாக மறுக்கிறார். அப்படியே சிரித்திருந்தாலும் அது பாடத்திட்டத்துக்கு முந்திய காலம், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

அந்த இருண்ட காலத்துக்கு முடிவு கட்டியவர் மோகனராஜ் சேர். அம்பிட்டியவில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. முப்பது வருடமாகப் புலமைப்பரிசில் வகுப்பு எடுத்தவர். பரீட்சை என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு வினாத்தாள் இருக்கும், வினாத்தாள் இருந்தால் அதற்கு ஒரு வகுப்பு இருக்கும் என்ற உண்மையை நம்பி வாழ்கிறவர். காந்தம் வருகிறது என்று கேள்விப்பட்டதும், கொட்டிலில் நின்ற வேனை மழையில் இறக்கிவிட்டு, பிள்ளைகள் உட்கார வாங்குகளைப் போட்டார். கேற்றில் பதாகை ஏறியது: ‘காந்த வடிவங்கள். முழுமையான வழிகாட்டல். மாதிரி வினாத்தாள்களுடன்.’

சனிக்கிழமைகளில் ருஷ்தி மகளைக் கூட்டிக்கொண்டு கெலிஓயாவில் பஸ் ஏறி, குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து த்ரீவீலரில் அம்பிட்டிய மலை ஏறினார். வளைவுகளில் ரிப்காவுக்கு வாந்தி வரும். அதற்கு மடியில் ஒரு பொலித்தீன் பை. கல்விக்காக மனிதர்கள் எவ்வளவோ தியாகம் செய்கிறார்கள், இது ஒன்றும் பெரிதில்லை என்று ருஷ்தி அவளுக்குச் சொன்னார். வாந்தி எடுத்தது அவள்தான் என்றாலும், தியாகம் செய்தது தாம்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

வகுப்பில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் மூடிய பெட்டி. மோகனராஜ் சேர் விசிலை எடுத்தார். திற. எடு. வை. மூடு. பெட்டியின் மேல், ‘முடிவில்லாத உருவங்களைச் செய்யலாம்’ என்ற கருத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை ஒரு தாய் தயங்கித் தயங்கிச் சுட்டிக்காட்டினாள். சேர் பொறுமையாகச் சிரித்தார்.

“முடிவில்லாததெல்லாம் பரீட்சைக்கு வராதுங்கம்மா. பரீட்சைக்கு வர்றது வீடு.”

ஆகவே வீடு. நீலச் சதுரம் சுவர், சிவப்பு முக்கோணம் கூரை, பழுப்பு நீள்சதுரம் கதவு. இடது பக்கம் புகைபோக்கி. அம்பிட்டியவிலும் கெலிஓயாவிலும் புகைபோக்கி வைத்த வீடு எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. பெட்டியிலுள்ள படத்தில் இருக்கிறது, அதற்குப் புள்ளியும் இருக்கிறது. கூரை பச்சையாக இருந்தால் புள்ளி வெட்டப்படும். கதவு திறந்திருப்பதுபோல் சரித்து வைத்தாலும் வெட்டப்படும். வேலை முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு, ‘முடிஞ்சிது டீச்சர்’ என்று சொல்ல வேண்டும். நல்லொழுக்கத்துக்கும் புள்ளி உண்டு.

மூன்றாவது சனிக்கிழமை மோகனராஜ் சேர் ருஷ்தியைத் தனியாகக் கூப்பிட்டார். டாக்டர்மார் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது வரும் அந்தக் குரல் அவருக்கு வந்திருந்தது.

“பிள்ள கெட்டிக்காரிதான். ஆனா ‘மேலதிகம்’ பண்ற பழக்கம் ஒண்ணு இருக்குங்க. வீட்டக் கட்டி முடிச்சிட்டு, கூர மேல ஒரு கோழிய ஏத்திடுறா. கேட்டா, அது முட்ட தேடுதுன்னு சொல்றா. ஆரம்பத்திலயே கவனிச்சீங்கன்னா சுகப்படுத்திடலாம்.”

ருஷ்திக்கு முகம் செத்துப்போயிற்று. மற்றத் தகப்பன்மார் தம்மையே பார்ப்பதுபோல் இருந்தது. அன்றே நடவடிக்கை எடுத்தார். காந்த வீட்டுக்குத் தேவைப்படாத துண்டுகளைப் பிரித்தெடுத்தார். சின்ன வட்டங்கள் இரண்டு, பெரிய அரைவட்டம், மஞ்சள் முட்டை. எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போய், டின் அலுமாரிக்கு மேலே ஏறியது. பயிற்சி நேரம் தவிர மற்ற நேரத்தில் தகரப் பெட்டியும் மேலே. பிள்ளை சும்மா விளையாடட்டுமே என்று றம்ஸியா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். சும்மா விளையாடும் சாமான் வேறு, இது படிக்கும் சாமான் என்று ருஷ்தி விளக்கம் கொடுத்தார். ரிப்கா இரண்டு சோடாப் போத்தல் மூடிகளைக் கண்ணாடியாக வைத்து, கரண்டியால் ஒரு கோழி செய்தாள். மூடிகளும் மேலே போயின. சோற்றில் செய்தாள். தட்டைக் கையில் கொடுக்காமல் அவளுக்குத் தீத்திவிட ஆரம்பித்தார்கள்.

முதல் கிழமை அவள் அழுதாள். பிறகு அழாமல் கேட்டாள். பிறகு கேட்பதையும் விட்டுவிட்டாள். கல்வித் துறையில் இதற்குத்தான் முன்னேற்றம் என்று பெயர்.

நேர்முகப் பரீட்சை நாள் வந்தது. காத்திருக்கும் அறை நிறைந்திருந்தது. ருஷ்தி சுற்றிப் பார்த்தார். பாதிப் பேர் சனிக்கிழமை வாங்கில் கண்ட முகங்கள்தாம். ஒருவரை ஒருவர் தெரியாததுபோல் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் தாழ்வான மேசை. அதன்மேல் அந்தத் தகரப் பெட்டி. ருஷ்திக்கு ரோமம் சிலிர்த்தது.

அலுவலகத்தில் வேலை செய்யும் கிருஷாந்தி என்ற பெண் கதவைத் திறந்து அவர்கள் பெயரைக் கூப்பிட்டாள். ருஷ்தி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“பாப்பா இங்கயே இருக்கட்டும் சேர்” என்றாள் கிருஷாந்தி. “மேடம் தாய் தகப்பன மட்டுந்தான் பாக்குறாங்க.”

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் கிருஷாந்தியைப் பார்த்தார்கள்.

“அப்ப அந்தப் பெட்டி?” என்று கேட்டார் ருஷ்தி.

“அதுவா? நீங்க உள்ள இருக்கிற நேரம் பிள்ளைங்க அழாம இருக்கணும்ல. எங்க வீட்டுல சும்மா கெடந்திச்சி, நான்தான் கொண்டாந்து வச்சேன்.”

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே மனம் உடைந்திருப்பார்கள். ருஷ்தி ஒரு முகாமையாளர், உதவி முகாமையாளராக இருந்தாலும். இது ஒரு தந்திரம் என்று அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எங்கேயோ கெமரா இருக்க வேண்டும். கூரை மூலையைப் பார்த்தார். அங்கே புகையை உணரும் கருவி ஒன்று சின்ன வெளிச்சம் விட்டுக்கொண்டிருந்தது. அவர் மகளைப் பார்த்து அர்த்தத்தோடு தலையசைத்துவிட்டு, அந்தக் கருவியையும் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்துவிட்டு, றம்ஸியாவோடு உள்ளே போனார்.

அதிபர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. மெல்லிய ஆள், நரைத்த முடி. அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு ரிப்காவின் விண்ணப்பத்தை முன்னால் வைத்தார். பேனையின் மூடியைக் கழற்றினார். வருமானத்தைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ கேட்பார் என்று ருஷ்தி சான்றிதழ்களை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். அவர் அதொன்றும் கேட்கவில்லை.

“பிள்ளை தனிய, தன்ர பாட்டில இருக்கேக்க என்ன செய்வா?”

ருஷ்திக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இதைவிட இலேசான கேள்வி இருக்க முடியாது.

“ஒண்டும் செய்ய மாட்டா மேடம்” என்றார். “முந்தி செஞ்ச. அந்தப் பழக்கத்த இப்ப முழுசா நிப்பாட்டிட்டோம்.”

பேனை நின்றது. எந்தப் பழக்கம் என்று மேடம் கேட்டார். ருஷ்தி எதையும் மறைக்கவில்லை. ஒரு நோயின் வரலாற்றைச் சொல்வதுபோல, கோழியில் தொடங்கிச் சோறுவரை எல்லாவற்றையும் சொன்னார். கோழிக்குக் கண்ணாடி, காணாமல் போன முட்டை, அதை இவள் கைக்குள் ஒளித்துவைத்துத் தம்மைத் தேடவிட்ட அநியாயம், அலுமாரிக்கு மேலே ஏறிய டின். சொல்லச் சொல்ல றம்ஸியா தலையைக் குனிந்துகொண்டே போனாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தடிமன், சளி என்று ருஷ்தி மேடத்துக்கு விளக்கினார்.

மேடம் றம்ஸியாவைப் பார்த்தார். பிறகு பேனையை மூடாமல் அப்படியே மேசையில் வைத்தார்.

“இடம் இருக்கு. ஆனா இப்ப தரமாட்டன். மூண்டு மாசம் பிள்ளையச் சும்மா விளையாட விடுங்கோ. பிறகு கூட்டிக்கொண்டு வாங்கோ. எனக்கு அந்தக் கோழிய ஒருக்காப் பாக்கவேணும்.”

வெளியே வந்தபோது கிருஷாந்தி திகைத்துப்போய் நின்றாள். பிள்ளைகள் பெட்டியின் முன்னால் வரிசையாக நின்றார்கள். ஒருவர் வீடு கட்டினார், கையைக் கட்டினார், ‘முடிஞ்சிது டீச்சர்’ என்றார், கலைத்தார், அடுத்தவருக்கு இடம் விட்டார். அடுத்தவரும் அதே வீடு. சிவப்புக் கூரை, மூடிய கதவு, இடது பக்கம் புகைபோக்கி. தான் டீச்சர் இல்லை என்று கிருஷாந்தி பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறாள். கட்டி முடித்தவர்கள் சுவரோரமாகப் போய் உட்கார்ந்து, பெற்றோரைப் போலவே எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். ஒருவரும் அழவில்லை. அந்த வகையில் பெட்டி வைத்த நோக்கம் நிறைவேறிவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

திரும்பும் வழியில் றம்ஸியா வாய் திறந்தாள். இடம் இருக்கிறது, சும்மா விளையாட விட்டால் கிடைக்கும், டின்னை இறக்கிக் கொடுப்போம் என்றாள். அதைவிடத் தெளிவாக ஒருவரால் சொல்ல முடியாது.

“சும்மா எண்டா எப்படிச் சும்மா?” என்றார் ருஷ்தி. “மேடம் பாக்கப் போற விஷயம். ஒரு முற இல்லாம செய்யேலுமா?”

றம்ஸியாவைக் கெலிஓயா பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மகளோடும் பொலித்தீன் பையோடும் நேரே அம்பிட்டியவுக்குப் போனார். மோகனராஜ் சேர் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். முப்பது வருட அனுபவம் அவர் நெற்றியில் சுருங்கி விரிந்தது.

“சும்மா விளையாடுறது” என்றார் கடைசியில். “கொஞ்சம் கஷ்டமான பாடந்தாங்க. ஆனா மூணு மாசத்துல முடிக்கலாம்.”

இப்படித்தான் ‘சும்மா விளையாட்டு: விசேட வகுப்பு’ பிறந்தது. பதாகை மாறியது. மேடம் கோழியைப் பார்க்க விரும்புகிறார் என்ற தகவல் ருஷ்தி மூலமாக வந்ததால், வீடு நீக்கப்பட்டு, கண்ணாடி போட்ட கோழி கட்டாய உருவமாகச் சேர்க்கப்பட்டது. முதல் வகுப்பில் சேர் ருஷ்தியை எழுப்பிவிட்டு எல்லோருக்கும் காட்டினார். பெற்றோர் கை தட்டினார்கள். தம் வீட்டுக் கோழி இப்படி நாட்டுக்கே பயன்படும் என்று ருஷ்தி கனவிலும் நினைத்திருக்கவில்லை. தாம் அதைத் தடை செய்ததை அவர் அடக்கத்தின் காரணமாகக் குறிப்பிடவில்லை. அந்தக் கோழியைச் செய்தவள் யார் என்பதையும் அதே அடக்கத்தின் காரணமாக.

வெள்ளைப் பலகையில் சேர் கோழியை வரைந்து புள்ளித்திட்டத்தை எழுதினார். உடம்புக்கு ஐந்து. முக்கோணச் சொண்டுக்கு மூன்று. கண்ணாடி, ஒரு கண்ணுக்கு இரண்டு. முட்டை கோழிக்குக் கீழே, நடுவில், மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும், அதற்கு ஐந்து. காணாமல் போன முட்டைக்குப் புள்ளி போட முடியாது என்பதால், முட்டை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாகத் தீர்மானிக்கப்பட்டது. இவை தவிர, சும்மா விளையாடும் பிள்ளை சிரிக்கும் என்று எங்கேயோ வாசித்திருந்ததால், சிரிப்புக்கும் சேர் ஒரு புள்ளி ஒதுக்கினார். விசில் ஊதியது. எடு. வை. சிரி. நிறுத்து.

பிள்ளைகள் விரைவில் பழகிவிட்டார்கள். கொட்டில் முழுவதும் ஒரே நேரத்தில் சிரிப்புக் கேட்கும், ஒரே நேரத்தில் நிற்கும். முன்வீட்டு நாய் மட்டும் அந்த நேரத்தில் குரைப்பதை வழக்கமாக்கிக்கொண்டது.

பிஸ்கட் டின் கீழே இறங்கிய அன்று ரிப்கா அந்தத் துண்டுகளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் அவள் எல்லோரையும்விட நிதானமாகக் கோழியைச் செய்தாள். உடம்பு, சொண்டு, இரண்டு கண்ணாடி. அதோடு நிறுத்திக்கொண்டாள். மோகனராஜ் சேர் வந்து குனிந்து பார்த்தார்.

“முட்ட எங்க?”

ரிப்கா வாப்பாவின் பக்கம் திரும்பினாள். பெற்றோர் வாங்கிலிருந்து ருஷ்தி பாய்ந்து வந்தார். மேசையின் கீழே பார்த்தார். முழங்காலில் நின்று வாங்கின் அடியில் பார்த்தார். கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்தது. ரிப்கா மேலே இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு கை மூடியிருந்தது. கன்னம் இரண்டும் உப்பி, சிரிப்பு வாய்க்குள் முட்டிக்கொண்டு நின்றது. விசில் ஊதாமல் அவளுக்குச் சிரிப்பு வந்து பல மாதம் ஆகியிருந்தது. அவள் காத்திருந்தாள். அவர் தலையை உயர்த்தி, ஒரு தடவை அந்தக் கையைப் பார்த்தால் போதும்.

ருஷ்தி தலையை உயர்த்தினார். கையைப் பார்த்தார்.

“வெளாடாம முட்டைய எடுத்து வைங்க மகள். மார்க்ஸ் போயிரும்.”

சும்மா விளையாட்டு விசேட வகுப்பில் இதைவிடப் பொருத்தமான அறிவுரையை யாரும் சொன்னதில்லை. ரிப்காவின் கன்னம் வற்றியது. கையை விரித்தாள். மஞ்சள் முட்டையைக் கோழிக்குக் கீழே, நடுவில் வைத்தாள். சேர் விசில் ஊதினார். அவள் சிரித்தாள். சேர் நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினாள். முழுப் புள்ளி கிடைத்தது. திரும்பி வரும்போது வளைவுகளில்கூட அவளுக்கு வாந்தி வரவில்லை. வெளியே மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளை பெரிதாகிவிட்டாள் என்று ருஷ்தி பெருமைப்பட்டார். பெற்ற தகப்பனுக்கு இது எப்படித் தெரியாமல் போகும் என்று நமக்குத்தான் ஆத்திரம் வருகிறது. அவருக்கு ஒன்றும் வரவில்லை.

மூன்று மாதம் முடிந்தது. மேடம் இந்தத் தடவை ரிப்காவை உள்ளே கூப்பிட்டார். தாமே எழுந்து வந்து, அவளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதிரையில் உட்கார்ந்தார். மடியில் அதே விண்ணப்பம். பேனை திறந்து கையில் தயாராக இருந்தது. ருஷ்தியும் றம்ஸியாவும் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். கிருஷாந்தியின் பெட்டி நடுவில் வைக்கப்பட்டது.

சும்மா ஏதாவது செய்யுங்கோ என்றார் மேடம். ரிப்கா செய்தாள். உடம்பு, சொண்டு, கண்ணாடி. முட்டை கீழே, நடுவில். ஒரு துண்டும் கோணவில்லை. கையைக் கட்டினாள். உரிய அளவு சிரித்தாள். நிறுத்தினாள். ருஷ்திக்குக் கண் கலங்கியது. கேற்றுக்கு வெளியே நின்ற அந்தச் சிறுவனுக்கு இன்று உள்ளே இடம் கிடைத்துவிட்டதுபோல் இருந்தது.

மேடம் கோழியைப் பார்த்தார். பிறகு பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து, இரகசியம் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டார்.

“இந்தக் கோழி ஏனம்மா கண்ணாடி போட்டிருக்கு?”

ரிப்கா கோழியைப் பார்த்தாள். சுவரோரம் இருந்த வாப்பாவைப் பார்த்தாள். வாப்பாவின் மூக்கில் இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். ஏதோ ஒன்று ஞாபகம் வரப்போவதுபோல் ஒரு கணம் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு அது போய்விட்டது.

“ரெண்டு மார்க்ஸ் டீச்சர்” என்றாள்.

மேடம் பேனையை மூடினார். விண்ணப்பத்தை மெதுவாக மடித்தார். றம்ஸியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிழை எங்கே நடந்தது என்று அந்த அறையில் ருஷ்திக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மகளின் பக்கம் குனிந்தார்.

“நாலு, மகள்” என்று அன்பாகத் திருத்தினார். “ஒரு கண்ணுக்கு ரெண்டு.”